ராஜகோபாலின் பெயரை நீக்குதல்

நவம்பர் மாத நூல் பட்டியலிலும் ராஜகோபாலின் பெயர் இருந்தது. எண்பத்தாறாம் எண், பிள்ளையார்பாளையம், தறியில் ஒரு பாவு. சிட்டிபாபு அந்த வரியின் மேல் விரலை வைத்தான். செப்டம்பரில் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை அவன் தன் கையாலேயே சிவப்பு மையால் அடித்த பெயர் அது.

ஜன்னலுக்கு வெளியே மழைக்கு ஒதுங்கி மரியம்மாள் நின்றிருந்தாள். சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே கம்பி வழியாகக் கேட்டாள்.

"என் பேரு வந்துச்சா சார்?"

"வரலமா."

"அவரு பேரு போச்சா?"

"போகல."

"நான் பாத்துக்கினு இருந்தேனே, நீங்க கோடு போட்டீங்களே!"

"போட்டேன். திரும்பி வந்துடுச்சி."

"பேரு எப்பிடி சார் திரும்பி வரும்? அது இன்னா ஆட்டுக்குட்டியா?"

சிட்டிபாபு காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றின் எழுத்தர். சங்கத்துக்கு மேலிடம் ஒதுக்கும் பட்டு நூல் இத்தனை தறிக்குத்தான் என்று வரையறை உண்டு. ஒருவர் விலகினால்தான் இன்னொருவர் சேர முடியும். ஆகஸ்டு மாதம் ராஜகோபால் விலகல் கடிதம் கொடுத்தார். அந்த இடத்துக்கு மனுப் போட்டவர்களில் முதலாவதாக இருந்தவள் மரியம்மாள்.

முசரவாக்கத்திலிருந்து தினமும் நடந்து வந்து, நகரத்தில் ஒரு முதலாளி வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்துகொண்டிருந்தவள் அவள். மனுப் போட்ட தைரியத்தில் பழைய தறி ஒன்றை வாங்கி, வீட்டு முன்னறையில் கால் வைக்கக் குழி வெட்டி நிறுத்திவிட்டாள். செய்தி முதலாளியின் காதுக்குப் போயிற்று. சொந்தத் தறி இருக்கிறவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டு, அவள் உட்கார்ந்த இடத்தில் வேறு ஆளை உட்கார்த்திவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் தறியும் சும்மா நின்றது; அவளும் சும்மா இருந்தாள். இதற்கிடையில் ஜனவரி முதல் புதிய உறுப்பினர்களைச் சேர்க்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. மிஞ்சியிருப்பது டிசம்பர் பட்டியல் ஒன்றுதான். அதில் அவள் பெயர் ஏற வேண்டுமானால் ராஜகோபால் பெயர் இறங்க வேண்டும்.

ஒரு பெயரை நீக்குவது இவ்வளவு பாடாக இருக்கும் என்று சிட்டிபாபு எதிர்பார்க்கவில்லை. அதுவும் தானே உருவாக்கிய பதிவு முறையில்.

அவன் சேர்ந்தபோது சங்கத்தில் தலையணை தடிமனில் பேரேடுகள்தாம் இருந்தன. ஒரே உறுப்பினரின் பெயர் பத்து இடத்தில், பத்து விதமாக எழுதியிருக்கும். சென்னையில் ஒரு நூலகத்தில் அட்டைகள் நிறைந்த இழுப்பறைகளைப் பார்த்து வந்தவன், தச்சரிடம் சொல்லி இரண்டு மரப்பெட்டிகள் செய்தான். ஒன்றில் உறுப்பினர் அட்டைகள்: எண், பெயர், முகவரி. மற்றதில் பாவு அட்டைகள். தறியில் நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகளின் கற்றைதான் பாவு. சங்கம் ஒரு பாவு கொடுத்தால் ஓர் அட்டை. அதில் எடையும் உறுப்பினர் எண்ணும் மட்டும் இருக்கும், பெயர் கிடையாது. பெயர் ஓரிடத்தில் இருந்தால் போதும், மற்ற இடங்களில் எண் போதும். ஆள் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் எல்லாம் திருந்திவிடும் என்று நிர்வாகக் குழுவில் பேசிக் கைதட்டல்கூட வாங்கியிருந்தான்.

செப்டம்பரில் ராஜகோபாலின் உறுப்பினர் அட்டையைச் சிவப்பு மையால் அடித்துப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டான். மாதக் கடைசியில் பெயர் பட்டியலில் இருந்தது. அக்டோபரில், பெட்டிக்குத் திரும்பி வந்திருந்த உறுப்பினர் அட்டையோடு பாவு அட்டையையும் எடுத்துவிட்டான். மாதக் கடைசியில் பெயர் பட்டியலில் இருந்ததோடு, பெட்டியில் புத்தம் புதிதாக இரண்டு அட்டைகளும் முளைத்திருந்தன. கையெழுத்து பஞ்சாட்சரத்தினுடையது.

பஞ்சாட்சரம் சங்கத்தின் நூல் கிடங்குப் பொறுப்பாளர். நூலை நிறுத்துக் கொடுப்பதும் மாதப் பட்டியல் எழுதுவதும் அவர் வேலை. சிட்டிபாபு பட்டியலை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனபோது அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கய்யா, எண்பத்தாறை எடுத்துட்டேனே. திரும்ப ஏன் எழுதுனீங்க?"

"எடுத்தது நீதானா? நான் எலி இழுத்துக்கினு போச்சின்னு நெனைச்சேன்."

"அய்யா, வெளையாடாதீங்க."

"வெளையாடறது நீயா நானா? மாசக் கடைசியில நூலை நிறுக்கறேன். கிடங்குல இவ்ளோ, தறியில இவ்ளோன்னு கூட்டுனா ஒரு பாவு கொறையுது. ராத்திரி சோறு எறங்கல எனக்கு. தேடிப் பாத்தா எண்பத்தாறு. பழைய பேரேட்டைப் பாத்துப் பேரை எடுத்தேன், அட்டை போட்டேன். கணக்கு நேராச்சி."

"அவரு ராஜினாமா குடுத்துட்டாரே!"

"ஆளு ராஜினாமா குடுத்துட்டாரு. பாவு குடுத்துச்சா?"

சிட்டிபாபு பட்டியலைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"என் கணக்கு ஒண்ணேதான்பா," என்றார் பஞ்சாட்சரம். "பாவு இருந்தா பேரு இருக்கணும். பாவு இல்லன்னா பேரு இருக்கக் கூடாது. நூலு சங்கத்து நூலு. மிச்சப் பாவை அறுத்து எடுத்துக்கினு வரச் சொல்லு. நிறுத்து வரவு வச்சிக்கினு, நானே அட்டையைக் கிழிச்சிப் போடறேன்."

"இத்தினி வருஷத்துல எத்தினி அட்டையைக் கிழிச்சிருக்கீங்க?"

அவர் யோசித்தார். "ஒண்ணும் இல்ல."

அது உண்மைதான். காஞ்சிபுரத்தில் எந்த நெசவாளியும் பாவைக் கடைசி இழைவரை நெய்து தறியைக் காலியாக விடுவதில்லை. முடியும் தறுவாயில் ஒரு முழத்தை அப்படியே விட்டு, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு முறுக்கிப் பிணைத்துவிடுவார்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக மறுபடியும் கோக்க வேண்டும். ஆகவே ஒரு பாவு முடிந்தது என்று யாரும் சொல்ல முடியாது; அது அடுத்ததற்குள் போய்விடும். பஞ்சாட்சரமும் பழைய அட்டையின் மிச்சத்தைப் புது அட்டையில் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். உறுப்பினர் இறந்தாலும் தறி மகனுக்குப் போயிற்று. தானாக விலகிய முதல் ஆள் ராஜகோபால்தான். சேர்ப்பதற்கு மட்டுமே வழி இருந்த ஒரு முறையில் நீக்குவதற்கு இரண்டு மாதமாக முட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சிட்டிபாபுவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இவ்ளோ ஓடறியே," பஞ்சாட்சரம் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார், "அந்தம்மா உனக்கு வேண்டியவங்களா?"

சிட்டிபாபுவின் ஊரும் முசரவாக்கத்துப் பக்கம்தான். எந்தத் தெரு என்பதும் பஞ்சாட்சரத்துக்குத் தெரியும்.

"மனு குடுத்தவங்க. மனு குடுத்த எல்லாரும் எனக்கு வேண்டியவங்கதான்," என்று சொல்லிவிட்டு அவன் வெளியே வந்தான். காது சுட்டது.

ராஜகோபாலைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. உத்திரமேரூர் போகும் தனியார் பஸ் ஒன்றில் அவர் கண்டக்டர். பஸ் நிலையத்தில் வண்டி புறப்படும் நேரத்துக்குப் போய்ப் படிக்கட்டுக்குக் கீழே நின்றான் சிட்டிபாபு.

"இன்னும் எடுக்கலியாபா என் பேரை?" என்றார் ராஜகோபால். "எழுதிக் குடுத்து எவ்ளோ நாளாச்சி! கல்யாணம் பண்ணிக்கறதுகூட இதைவிட சீக்கிரம் முடியும் போல."

"தறியில பாவு மிச்சம் இருக்குதுங்க. அதைக் குடுத்துட்டா முடிஞ்சிடும்."

"பாவா? எந்தப் பாவு?"

அவர் முகத்தைப் பார்த்தால் நடிப்பதாகத் தெரியவில்லை.

"உங்க தறியில. மாசா மாசம் சேலை வந்துக்கினுதானே இருந்துச்சி?"

"அது வரும்," என்றார் அவர். "நீ வீட்ல கேளு. உள்ள போம்மா, உள்ள போ, கூடையைக் கால்கிட்ட வை! ரைட்!"

பஸ் நகர்ந்தது. சேலை எப்படி வரும், யார் நெய்தால் வரும் என்று கேட்கச் சிட்டிபாபு பின்னாலேயே நாலு எட்டு ஓடிப் பார்த்தான். சேற்றுத் தண்ணீர்தான் சட்டையில் அடித்தது.

மறுநாள் பிள்ளையார்பாளையத்துக்குக் கிளம்பியபோது மரியம்மாளும் கூட வந்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான்.

"நீங்க போயி வந்து சொல்றீங்க, போயி வந்து சொல்றீங்க, ஒண்ணும் ஆவல. இந்த வாட்டி நானே காதால கேட்டுக்கறேன்," என்று நடந்தாள்.

தெருவில் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். சாயப் பட்டறையிலிருந்து வந்த தண்ணீர் சாக்கடையில் அரக்குச் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ராஜகோபால் வீட்டில் மட்டும் சத்தம் இல்லை. அவர் மனைவி தில்லையம்மாள் தறிக் குழியின் விளிம்பில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் தறியில் மாம்பழ நிறத்தில் ஒரு முழப் பாவு விறைப்பாக இழுத்துக் கட்டி, தூசி படாமல் பழைய துணி போர்த்தியிருந்தது.

"சங்கத்துலேருந்து வரேங்க. அந்த மிச்சப் பாவு..."

"கத்தரி எடுத்துக்கினு வந்திருக்கியா?"

"இல்லிங்க."

"நல்லதாப் போச்சி. எடுத்துக்கினு வந்திருந்தா உன் விரலைத்தான் அறுத்திருப்பேன்."

மரியம்மாள் வாசற்படிக்கு வெளியே நின்றபடி குரல் கொடுத்தாள். "அக்கா, அவருதான் வாணாம்னு எழுதிக் குடுத்துட்டாரே. அந்த ஒரு முழம் உங்களுக்கு எதுக்கு?"

"இது யாரு?"

"மரியம்மா. முசரவாக்கம். அவரு எடத்துக்கு மனு போட்டிருக்கறேன்."

தில்லையம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். மரியம்மாளின் நனைந்த கால்களிலிருந்து முகம்வரை பார்த்தாள். "உள்ள வந்து பேசு. வாசல்ல நின்னுக்கினு என் எடத்தைக் கேக்காதே."

மரியம்மாள் தயங்கிவிட்டு உள்ளே வந்தாள். சுவரோரமாக நின்றாள்.

"அவரு எடம்னு சொன்னியே," என்றாள் தில்லையம்மாள். "இந்தக் குழியில அவரு கால் வச்சே நாலு வருஷம் ஆவுது. பஸ்ஸுல தொத்திக்கினு போயிட்டாரு. அதுக்கப்புறம் சங்கத்துக்குப் போன சேலையெல்லாம் யாரு நெய்ஞ்சது?"

"நீங்களா?" என்றான் சிட்டிபாபு.

"பின்ன, பஸ்ஸா நெய்ஞ்சது?"

"அட்டையில அவரு பேருதானே இருக்குது..."

"நீதான் பெட்டி பெட்டியா அட்டை போட்டவனாமே. ஒரு நாளாச்சும் வந்து தறியில யாரு உக்காந்துக்கினு இருக்கறாங்கன்னு பாத்தியா?" அவள் குரல் ஏறியது. "எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம அந்தாளு எழுதிக் குடுத்துட்டாரு. அன்னிலேருந்து புதுப் பாவு குடுக்க மாட்டேன்னுட்டாங்க. கேட்டா பேரு அடிச்சாச்சின்றாரு ஒருத்தரு, அடிக்கலன்றாரு இன்னொருத்தரு. நெய்ஞ்சி முடிக்கத் தெரியாமயா இந்த முழத்தை வச்சிருக்கறேன்? இது தறியில இருக்கற வரிக்கும் உங்க கணக்குல நாங்க இருக்கறோம். அறுத்துக் குடுத்தா நாளைக்கு எனக்கு யாரு பாவு குடுப்பா? நீ குடுப்பியா?"

சிட்டிபாபு தறியைப் பார்த்தான். தன் முறையில் எங்கே ஓட்டை என்று இரண்டு மாதமாகத் தேடியவன் அவன். எந்த அட்டையிலும் பெயர் இல்லாத ஒருத்தி அந்த ஓட்டையில் காலை ஊன்றி உட்கார்ந்திருக்கிறாள். அவனுக்கு அவள் மேலும் கோபம் வந்தது, ராஜகோபால் மேலும் வந்தது, பெட்டி செய்த தச்சர் மேல்கூட வந்தது. முசரவாக்கத்தில் ஒரு தறி பாவு இல்லாமல் நிற்கிறது. இங்கே ஒரு தறி பாவைத் தீர்க்க முடியாமல் நிற்கிறது.

தில்லையம்மாள் மரியம்மாள் பக்கம் திரும்பினாள். "நீ நெய்வியா?"

"நெய்வேன்கா."

"கோர்வைக்கு எதிர்ப்பக்கம் உக்கார எனக்கு ஆளு இல்ல. பாவு வந்துச்சின்னா வர்றியா? கூலியைப் பாதியாப் பிரிச்சிக்கலாம்."

கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒரு பக்கக் கரைக்குக் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்ட நெய்பவருக்கு எதிரில் இன்னோர் ஆள் வேண்டும். 

"எதிர்ப்பக்கம் உக்காந்து உக்காந்துதான்கா நான் வளந்ததே," என்றாள் மரியம்மாள். "இன்னொரு வாட்டி அங்க உக்காரத்துக்கா என் வீட்ல குழி வெட்டுனேன்?"

"கோச்சிக்காதே. கேட்டேன்."

"கோவம் இல்லக்கா."

திரும்பும்போது சாலைக்கு வந்த பிறகு மரியம்மாள் சொன்னாள்: "செப்டம்பர்லேருந்து ஜெபம் பண்ணிக்கினு இருக்கறேன் சார், அந்தாளு பேரு போவணும்னு. யாரு பேரு போவணும்னு பண்ணேன்னு இப்பத்தான் தெரியுது." கொஞ்சம் நடந்துவிட்டு மறுபடியும் சொன்னாள்: "ஆனா மனுவை வாபஸ் வாங்க மாட்டேன்."

அலுவலகத்துக்கு வந்ததும் சிட்டிபாபு வெற்று அட்டை ஒன்றை எடுத்து, எண்பத்தாறு, தில்லையம்மாள் என்று எழுதிப் பஞ்சாட்சரத்தின் முன் வைத்தான். குழுவின் ஒப்புதலுக்குக் குறிப்பும் எழுதினான். பஞ்சாட்சரம் படித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் செருகினார்.

"பாவு இருக்குது, பேரு இருக்குது. அது யாரு பேருன்னா எனக்கு இன்னா?"

நீக்க முடியாமல் இரண்டு மாதம் அலைக்கழித்த வரி, பெயர் மாறியதும் ஒரு நிமிஷத்தில் அடங்கிவிட்டது. சிட்டிபாபுவுக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மரியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக்காவுக்கு ஆச்சி. அப்ப நானு?"

"அடுத்த வாட்டி பாக்கலாம்மா," என்றார் பஞ்சாட்சரம்.

"அடுத்த வாட்டின்னு ஒண்ணு இல்லைன்னுதானே சுத்தறிக்கை போட்டிருக்கீங்க?" என்றாள் அவள். "இத்தினி பேரு இருக்கறாங்களே இந்தச் சங்கத்துல. பாவு இல்லாம பேரு மட்டும் வச்சிக்கினு ஒருத்தர்கூடவா இல்ல?"

"என் கணக்குல அப்பிடி ஒருத்தன் இருக்க முடியாதும்மா."

"எப்பிடித் தெரியும்?"

"எப்பிடித் தெரியுமா!" பஞ்சாட்சரம் பாவு அட்டைப் பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஏய் பாபு, உன் பெட்டியை எடு. ஒவ்வொரு நம்பரா சொல்லு. நான் பாவைக் காட்டறேன். காதால கேட்டுட்டுப் போகட்டும் இந்தம்மா."

சிட்டிபாபு உறுப்பினர் பெட்டியைத் திறந்தான். "ஒண்ணு."

"இருக்குது. அடுத்தது."

"அட்டையைக் காட்டுங்கய்யா."

"இருக்குதுன்றேன்ல. ரெண்டு சொல்லு."

"பாவு அட்டை..."

"அது என்னுதுபா," என்றார் பஞ்சாட்சரம்.

சிட்டிபாபு கையிலிருந்த அட்டையைப் பார்த்தான். ஆமாம், அவர் பெயர்தான். சங்கம் தொடங்கிய நாளில் சேர்ந்த முதல் உறுப்பினர். கிடங்கு வேலைக்கு வந்த பிறகும் அவர் விலகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பாவு இருந்தால்தான் பெயர் என்று அவர் சொன்னது முழு உண்மை, முதல் வரியைத் தவிர. முதல் வரியில் தன் பெயரை எழுதிவிட்டுத்தான் அவர் ஒவ்வொரு மாதமும் பெட்டியைத் திறந்திருக்கிறார். அது கை பழகிய பழக்கம்; அதில் களவு என்று எதுவும் இல்லை.

"உங்க தறி எங்க இருக்குதுங்க?" என்று கேட்டாள் மரியம்மாள்.

"வித்தாச்சி. பெரிய பொண்ணு கல்யாணத்துல."

"பாவு?"

பஞ்சாட்சரத்தின் கழுத்து சிவந்தது.

"என்னை அடிக்கறியாபா நீ?" அவர் கேட்டது மரியம்மாளை அல்ல, சிட்டிபாபுவை. "சங்கம்னு ஒண்ணு இல்லாதப்ப வீடு வீடாப் போயி கையெழுத்து வாங்குனவன் நான். ஒருத்தன் கதவைச் சாத்துனான், ஒருத்தன் நாயை உட்டான். இந்தக் கட்டடத்துக்குச் செங்கல் எறக்குனது யாரு? நேத்து வந்து பெட்டி செஞ்சவன் நீ."

"நான் ஒண்ணும் அடிக்கலிங்க. நீங்க சொன்ன கணக்குதான்."

"என் கணக்கை எனக்கே சொல்றியா?"

குடையை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். அன்றைக்கு அவர் கிடங்கைப் பூட்டவில்லை.

"அடிங்க சார்," என்றாள் மரியம்மாள்.

சிட்டிபாபு சிவப்பு மைப் பேனாவைத் திறந்தான், மூடினான். அடிப்பது பெரிய காரியமில்லை என்று இப்போது அவனுக்குத் தெரியும். பட்டியலை எழுதப்போவது அவர். இவன் எத்தனை கோடு போட்டாலும் அந்தக் கை மறுபடியும் எழுதினால் பெயர் வந்து நிற்கும். தவிர, நாளை காலை அவர் எதிரில்தான் உட்கார வேண்டும்.

"அடிச்சா திரும்பி வரும்மா. ரெண்டு வாட்டி பாத்தாச்சே. அவரா எடுக்கணும்."

"எடுப்பாரா?"

"தெரியல."

அவன் ஒன்றாம் எண் அட்டையை எடுத்துப் பஞ்சாட்சரத்தின் மேசையில் வைத்தான். பேனாவையும் பக்கத்தில் வைத்தான்.

மறுநாள் பஞ்சாட்சரம் வந்தார். அட்டையைப் பார்த்தார். மைக்கூட்டைத் தூக்கி அதன் மேல் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். அந்த வாரம் முழுவதும் அவர் சிட்டிபாபுவோடு பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் பியூன் இல்லாதபோதும் பியூனிடம் சொன்னார். "சாவி எங்கன்னு கேளு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். சிட்டிபாபுவும் சுவரைப் பார்த்தே பதில் சொன்னான். மரியம்மாள் தினமும் வந்து ஜன்னலருகில் நின்றாள். ஒன்றும் கேட்பதில்லை. அது கேட்பதைவிட மோசமாக இருந்தது. ஒரு நாள் பஞ்சாட்சரம் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். அடுத்த ஜன்னலுக்கு அவள் நகர்ந்துகொண்டாள்.

டிசம்பர் பட்டியலை அவர் எழுதி முடித்துச் சிட்டிபாபுவின் மேசையில் போட்டார். பட்டியல் இரண்டாம் எண்ணில் தொடங்கியது. ஒன்றாம் எண்ணுக்கு நேரே தாள் வெறுமையாக இருந்தது.

"அய்யா, முதல் வரி?"

"உனக்கு எழுதத் தெரியாதா? உன் கையெழுத்துதான் அழகாச்சேன்னு ஊரே சொல்லுது." பல நாள் கழித்து அவர் நேராகப் பேசியது அதுதான். மைக்கூட்டின் அடியிலிருந்து அட்டையை உருவி அவன் முன் வீசினார். பெயரின் மேல் சிவப்புக் கோடு. அடிக்கோல் வைத்து நேராகப் போட்டிருந்தார்.

நிர்வாகக் குழுவில் பெயர்கள் வாசிக்கப்பட்டன. தில்லையம்மாள் பெயருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மரியம்மாள் பெயர் வந்ததும் சிலர் பஞ்சாட்சரத்தைப் பார்த்தார்கள். ஓர் உறுப்பினர் தொண்டையைச் செருமினார்.

"சேக்கறதுல ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணாம் நம்பரையா அந்தம்மாவுக்குக் குடுக்கறது? எல்லாரையும் ஒரு நம்பர் மேல ஏத்திட்டு, கடைசி நம்பரைக் குடுத்துடலாமே. பாக்கவும் மரியாதையா இருக்கும்."

"ஏத்துவியா?" பஞ்சாட்சரம் நாற்காலியில் நிமிர்ந்தார். "நம்பரை மாத்துனா பெட்டியில இருக்கற அத்தினி பாவு அட்டையிலயும் மாத்தணும். யாரு ஒக்காந்து எழுதறது, உங்கப்பனா? காலியான நம்பரு காலியான நம்பருதான். குடுத்துட்டுப் போ."

தலைவர் கையெழுத்துப் போட்டார்.

நூல் கொடுக்கும் நாளில் வழக்கம்போல வரிசை நின்றது. தில்லையம்மாள் முன்னாலேயே வந்து தன் பாவை வாங்கி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மரியம்மாளின் முறை வந்தது. பஞ்சாட்சரம் பாவு அட்டையில் குனிந்தபடி, எல்லோரையும் கேட்பதுபோல் கேட்டார்.

"நம்பர்?"

மரியம்மாள் மெதுவாகச் சொன்னாள்.

"கேக்கல."

"ஒண்ணு."

அவர் எழுதினார். பட்டு நூலைத் தட்டில் வைத்தார். ஒரு நூல் சிட்டத்தை எடுத்தார், வேறொன்றை வைத்தார், முள் நிற்கும்வரை காத்திருந்தார்.

"முள்ளைப் பாத்துக்கோ. அப்புறம் கொறையுதுன்னு வந்து நிக்கக் கூடாது."

"வர மாட்டேங்க."

"வருவே. எல்லாரும்தான் வராங்க," என்று சொல்லி நூலை அவள் பக்கம் தள்ளினார். "நகரும்மா. அடுத்தது யாரு? நம்பர்?"